பழுப்புக் கோடுகள் நெருங்கும் இடம்... 13 உயிர்களைப் பறித்த மலைச்சரிவும் அதன் வரைபடமும்!

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெலினா தேசிய வனம் என்றொரு காடு இருக்கிறது. அதன் ஓரமாக மிசோரி நதி ஓடுகிறது. நதியின் இரு பக்கமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள். 1805-ல் படகில் வந்த மெரிவெதர் லூயிஸ் இந்த இடத்துக்கு வைத்த பெயர், 'கேட்ஸ் ஆஃப் தி மவுன்டன்ஸ்'. மலைகளின் வாசல்! இன்றும் அங்கே போகச் சாலை கிடையாது. படகில் போகலாம், இல்லையென்றால் நடக்க வேண்டும்.

அந்தப் பகுதியின் நிலவரைபடத்தை மேஜை மேல் விரித்தால், முதலில் கண்ணில் படுவது நீல நிற நதி. அதிலிருந்து கிழக்கே பிரிகிற சிறு சிறு மலைப்பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தால், ஒன்றின் மேல் 'மேன் கல்ச்' என்று எழுதியிருக்கும். கல்ச் என்றால் இரண்டு மலை முகடுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் செங்குத்தான பள்ளம். தாளில் அது கைக்குள் அடங்கிவிடும். பள்ளத்தின் வடக்குச் சரிவில், பழுப்பு நிறக் கோடுகள் ஒன்றை ஒன்று உரசுவதைப்போல நெருங்கி நிற்கும் ஓர் இடம் இருக்கிறது.

1949 ஆகஸ்ட் 5 மாலை, அந்த நெருக்கத்துக்குள்தான் 16 பேர் ஓடினார்கள். 13 பேர் திரும்பவில்லை.

பழுப்புக் கோடு என்ன சொல்கிறது?

பள்ளிக்கூடப் புவியியலில் 'சம உயரக் கோடுகள்' என்று படித்திருப்போம். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக வந்து, அதோடு மறந்தும் போயிருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளையெல்லாம் சேர்த்து இழுத்த கோடு அது. கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் சமவெளி. நெருங்கி இருந்தால் ஏற்றம். பள்ளங்களில் இந்தக் கோடுகள் 'V' வடிவத்தில் வளையும். அந்த 'V'-யின் முனை எப்போதும் ஓடையின் மேல் பக்கத்தைத்தான் காட்டும்.

அமெரிக்காவில் காடு மலையெல்லாம் இப்படிக் கோடுகளாக மாறியதற்குப் பின்னால் ஒரு மனிதரின் பிடிவாதம் இருக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது 1879-ல். அதன் இரண்டாவது இயக்குநர் ஜான் வெஸ்லி பவல், உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர். கொலராடோ நதியில் படகில் போய் கிராண்ட் கேன்யனைக் கடந்தவர். நாடு முழுவதையும் ஒரே முறையில் வரைபடமாக்க வேண்டும் என்று 1884-ல் நாடாளுமன்றத்திடம் அனுமதி கேட்டு வாங்கினார். அன்று தொடங்கிய வேலை நூறு வருடங்களுக்கும் மேலாக நடந்தது.

ஆரம்பக் காலத்தில் இதை வரைந்தவர்களின் கருவி, மூன்று கால் நிறுத்தியில் பொருத்திய ஒரு மரப்பலகை. அதன் மேல் தாள். தாளின் மேல் தொலைநோக்கி பொருத்திய ஓர் அடிக்கோல். கோவேறு கழுதைகளில் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு ஒரு சிகரத்தில் ஏறுவார்கள். எதிரே தெரியும் இன்னொரு சிகரத்தைத் தொலைநோக்கியில் பிடித்துத் தாளில் கோடு இழுப்பார்கள். பிறகு வேறு சிகரத்துக்குப் போய் அதே இலக்கை மறுபடி பிடித்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் அந்த இலக்கின் இருப்பிடம். முக்கோணங்களால் நிலத்தை அளக்கும் இந்தக் கலைக்கும் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. இந்தியாவை அளந்த மாபெரும் முக்கோண அளவைக்கு வில்லியம் லாம்டன் முதல் அடிக்கோட்டைப் போட்டது 1802-ல், சென்னை பரங்கிமலைப் பக்கத்தில்தான்.

அளந்த புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் மேடு பள்ளங்களை, கண்ணால் பார்த்துக் கையாலேயே வரைந்தார்கள். அதனால் பழைய தாள்களில் சம உயரக் கோடுகள் ஓவியம்போல வழவழவென்று ஓடும். அழகுதான். ஆனால் அந்த வழவழப்பில் சின்னச் சின்னப் பாறை முகங்கள் காணாமல் போயிருக்கும்.

அளவு விகிதம் இன்னொரு சிக்கல். மேற்கு மாநிலங்களின் ஆரம்பக்காலத் தாள்கள் பல 1:1,25,000 விகிதத்தில் வந்தன. அதாவது, தாளில் ஓர் அங்குலம் நிலத்தில் சுமார் இரண்டு மைல். மேன் கல்ச்சில் அந்த 16 பேர் ஓடிய தூரம் ஒரு கிலோமீட்டருக்குள்தான். அப்படிப்பட்ட தாளில் அது ஒரு நெல்மணி நீளம். பின்னாளில் விமானப் படங்களை வைத்து வரைந்த 1:24,000 தாள்களில் அதே தூரம் நான்கு சென்டிமீட்டராக விரிகிறது. அப்போதுதான் கோடுகளுக்கு நடுவே என்ன நடந்திருக்கும் என்று பார்க்க முடிந்தது.

வானத்திலிருந்து பார்த்தபோது...

1949 ஆகஸ்ட் 4 அன்று அந்த மலைகளில் இடியுடன் கூடிய மழை. மழை பேருக்குத்தான், மின்னல் எங்கோ ஒரு மரத்தைப் பற்றவைத்துவிட்டது. மறுநாள் நண்பகல் வாக்கில் கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து புகையைப் பார்த்துவிட்டார்கள். அன்று ஹெலினாவில் வெயில் 97 டிகிரி ஃபாரன்ஹீட். நம் ஊர் மே மாதத்தோடு ஒப்பிட்டால் சாதாரணம்தான். ஆனால், மொன்டானாவுக்கு அது கொளுத்தும் வெயில்.

அந்தக் கண்காணிப்புக் கோபுரங்களின் நடுவிலும் ஒரு வரைபடம் உண்டு. வட்டமான தகட்டில் நிலவரைபடத்தை ஒட்டி, அதன் மேல் சுழலும் குறிபார்க்கும் கருவியைப் பொருத்தியிருப்பார்கள். வனத்துறையைச் சேர்ந்த டபிள்யூ.பி. ஆஸ்போர்ன் உருவாக்கியதால் 'ஆஸ்போர்ன் ஃபயர் ஃபைண்டர்' என்று பெயர். ஒரு கோபுரத்திலிருந்து புகையின் திசை, இன்னொரு கோபுரத்திலிருந்து அதே புகையின் திசை. இரண்டையும் வரைபடத்தில் இழுத்தால் தீ இருக்கும் இடம் கிடைத்துவிடும். மலையேறி அளந்தவர்கள் செய்ததும் இதைத்தான்.

சாலை இல்லாத காட்டுக்கு ஆட்களை எப்படி அனுப்புவது? அதற்காக உருவானவர்கள்தான் 'ஸ்மோக்ஜம்பர்'கள். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து, தீ சிறிதாக இருக்கும்போதே அணைப்பவர்கள். 1940-ல் இந்த முறை தொடங்கியது. அன்றிலிருந்து 1949 வரை தீயில் சிக்கி ஒருவர்கூட இறந்ததில்லை. பெரும்பாலும் இளைஞர்கள், இரண்டாம் உலகப்போரில் இருந்து திரும்பியவர்களும், கோடை விடுமுறையில் சம்பாதிக்க வந்த கல்லூரி மாணவர்களும் அதில் உண்டு. கண்ணில் பட்ட தீயை மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்பது அன்றைய வனத்துறையின் விதி.

மிசோலா நகரிலிருந்து 16 பேருடன் விமானம் கிளம்பியது. (அந்த விமானம் இன்னமும் பறக்கிறது. 'மிஸ் மொன்டானா' என்ற பெயரோடு மிசோலா அருங்காட்சியகத்தில் இருக்கும் அது, 2019-ல் நார்மண்டி தரையிறக்கத்தின் 75-ம் ஆண்டு நிகழ்வுக்காக அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் வந்தது.) காற்று தூக்கிப் போட்டதில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போக, அவர் குதிக்கவில்லை. மாலை நான்கு மணி வாக்கில் மற்ற 15 பேரும் பள்ளத்தின் மேல் பகுதியில் இறங்கினார்கள். சாமான்களும் பாராசூட்டில் வந்தன. ரேடியோ கட்டியிருந்த பாராசூட் மட்டும் விரியவில்லை. ரேடியோ தரையில் விழுந்து நொறுங்கியது. வெளி உலகத்தோடு இருந்த தொடர்பு அதோடு அறுந்தது.

மேலேயிருந்து பார்த்தபோது அது பெரிய தீயாகத் தெரியவில்லை. விமானத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு நிலம் தட்டையாகிவிடும். மலையின் செங்குத்தை அது காட்டாது. காகிதத்தில் இருக்கும் சம உயரக் கோடுகள் காட்டும்.

தீ எரிந்துகொண்டிருந்தது பள்ளத்தின் தெற்குப் பக்கம். அது முழுக்க அடர்ந்த மரங்கள். குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ், வயது 33. தீக்கு எதிர்ப் பக்கமான வடக்குச் சரிவில் ஆட்களைக் கீழே, நதியை நோக்கி இறக்கலாம் என்று முடிவு செய்தார். நதி பக்கத்தில் இருந்தால் பாதுகாப்பு. எதுவும் தவறினால் தண்ணீருக்கு ஓடிவிடலாம். நல்ல முடிவுதான். ஏற்கெனவே தனியாளாகத் தீயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வனக்காவலர் ஜேம்ஸ் ஹாரிசனும் இவர்களோடு சேர்ந்துகொண்டார். ஹாரிசன் முந்தைய வருடம் வரை ஸ்மோக்ஜம்பராக இருந்தவர். ஆபத்தான வேலை என்று அதை விட்டுவிட்டு வந்தவர்.

நதியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது டாட்ஜ் அதைப் பார்த்தார். காற்று நெருப்புப் பொறிகளைப் பள்ளத்துக்குக் குறுக்கே தூக்கி எறிந்திருந்தது. இவர்களுக்கும் நதிக்கும் நடுவே, இவர்கள் நிற்கும் அதே வடக்குச் சரிவில் தீ. தூரம் 150 முதல் 200 கெஜம். மாலை 5.45 மணி இருக்கும். திரும்பி ஓடத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் வரைபடத்தைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். கீழே போகும் வழி அடைபட்டுவிட்டது. இனி பள்ளத்தின் மேல் முனைக்கு ஓடலாம், அல்லது வடக்கு முகட்டைப் பிடிக்கலாம். எந்தப் பக்கம் போனாலும் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேலேதான் ஏற வேண்டும்.

0.7 மில்லிமீட்டர்

அந்தச் சரிவின் மேல்பகுதி 76 சதவிகிதச் சாய்வு கொண்டது. 100 அடி முன்னே நகர்ந்தால் 76 அடி மேலே ஏறியிருப்போம். வழக்கமான வீட்டு மாடிப்படியைவிடக் கொஞ்சம் செங்குத்து. ஆனால் கால் வைக்கப் படி கிடையாது, சரளையும் புல்லும்தான். 1:24,000 தாளில், 40 அடிக்கு ஒரு கோடு என்ற கணக்கில் இந்தச் சாய்வை வரைந்தால் இரண்டு பழுப்புக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி 0.7 மில்லிமீட்டர்கூட இருக்காது. கூரான பென்சில் முனை நுழையும், அவ்வளவுதான்.

மேலே ஏறும் மனிதனுக்கு மூச்சு வாங்கும், வேகம் குறையும். தீக்கு நேர் எதிர். சரிவில் ஏறும் தீயின் நாக்கு மேலே இருக்கும் புல்லை நோக்கிச் சாய்ந்து, எரிவதற்கு முன்பே அதைக் காயவைத்துச் சூடாக்கிவிடுகிறது. சாய்வு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பாளர்களின் கைக்கணக்கு. 76 சதவிகிதம் என்பது சுமார் 37 டிகிரி.

ஓடிக்கொண்டிருந்தவர்களிடம் கைக்கருவிகளையும் சுமைகளையும் போட்டுவிடும்படி டாட்ஜ் கத்தினார். இன்னும் கொஞ்ச தூரம் ஏறியதும் அவர் செய்த காரியம் யாருக்கும் புரியவில்லை. நின்று, தீக்குச்சியைக் கிழித்து, தன் முன்னால் இருந்த காய்ந்த புல்லுக்குத் தானே தீ வைத்தார். அது எரிந்துகொண்டே மேலே போக, பின்னால் விட்டுச்சென்ற சாம்பலுக்குள் நுழைந்தார். எரிந்து முடிந்த இடத்தில் மறுபடி எரிய எதுவும் இல்லை. எல்லோரையும் உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. பின்னால் ஒரு தீ துரத்தும்போது முன்னால் இன்னொரு தீயை வைக்கும் ஆளைப் பார்த்து, இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுகூட அவர்களில் சிலர் நினைத்திருக்கலாம். அப்படி ஒரு உத்தி அவர்களுடைய பயிற்சியிலேயே இல்லை.

டாட்ஜ் குடுவைத் தண்ணீரில் நனைத்த கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு சாம்பலில் குப்புறப் படுத்தார். தீ அவரைத் தாண்டிப் போனது. உயிர் பிழைத்தார்.

வால்டர் ரம்சி, 17 வயதே ஆன ராபர்ட் சாலி ஆகிய இருவரும் டாட்ஜ் வைத்த தீயின் ஓரமாக நேரே மேலே ஏறினார்கள். முகட்டுக்குக் கொஞ்சம் கீழே குறுக்கே ஓடும் பாறைச் சுவரில் ஒரு பிளவு இருந்தது. புகையில் கண் தெரியாமல் தடவித் தடவி அதற்குள் நுழைந்து மறுபக்கம் போய்விட்டார்கள். ஆள் நுழையும் அகலம்தான் அந்தப் பிளவு. எந்த வரைபடத்திலும் அப்படி ஒன்றைக் குறிக்க முடியாது.

மற்றவர்கள் சரிவின் குறுக்காக ஓடியிருக்கிறார்கள். ஹாரிசனின் கடிகாரம் 5.56-ல் நின்றிருந்தது. திரும்பி ஓடத் தொடங்கி பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகியிருக்கும். தீக்காயத்தோடு கிடைத்த இருவர் மறுநாள் மருத்துவமனையில் இறந்தார்கள். அந்தத் தீயை முழுக்க அடக்க இன்னும் ஐந்து நாள்களும் 450 ஆள்களும் தேவைப்பட்டன.

தாளில் தொடங்கிய விசாரணை

வனத்துறை விசாரணைக் குழு அதிகாரிகள் மீது தவறில்லை என்றது. இறந்தவர்களின் குடும்பங்கள் அதை எல்லாம் ஏற்கவில்லை. அதில் ஒரு தந்தை, வனத்துறையிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். டாட்ஜ் வைத்த தீதான் மேலே ஏறிப் பிள்ளைகளின் வழியை அடைத்துவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு. இப்போது கேள்வி முழுக்க முழுக்க இடம் சம்பந்தப்பட்டதாகிவிட்டது. டாட்ஜ் தீக்குச்சியைக் கிழித்தது சரியாக எந்த இடத்தில்? அங்கிருந்து அந்தத் தீ நேரே முகட்டுக்குப் போனதா, பக்கவாட்டில் பரவியதா? ஓடியவர்கள் எந்தக் கோட்டைத் தாண்டியபோது பெரிய தீ அவர்களைப் பிடித்தது? 'யார் குற்றவாளி' என்ற கேள்விக்கான பதில், சரிவில் ஒரு நூறு கெஜம் இப்படி அப்படி நகர்வதில் இருந்தது.

காட்டுத்தீ ஆராய்ச்சியின் முன்னோடியான ஹாரி கிஸ்போர்ன் அதே வருடம் நவம்பரில் அந்தப் பள்ளத்துக்கு நேரில் போனார். ஏற்கெனவே இதய நோயாளி. தீ எப்படித் திசை மாறியது என்ற தன் ஊகத்தைச் சரிபார்க்கப் போனவர், அங்கேயே மாரடைப்பில் இறந்தார்.

டாட்ஜ் 1955-ல் புற்றுநோயால் இறந்தார். தன் தீயைப் பற்றிய வாக்குவாதம் ஓயவே இல்லை என்ற நிலையிலேயே அவர் போனார்.

பிறகு பல வருடங்கள் கழித்து இந்தக் கதையைக் கையில் எடுத்தவர் நார்மன் மக்லீன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். இளம் வயதில் வனத்துறையில் வேலை பார்த்தவர். தீ முழுதாக அணையும் முன்பே 1949-ல் அந்த இடத்தைப் பார்த்தவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, வனத்துறையைச் சேர்ந்த லேர்ட் ராபின்சனோடு மறுபடி மறுபடி அந்தச் சரிவில் ஏறினார். 1970-களின் இறுதியில் ரம்சியையும் சாலியையும்கூட அங்கே அழைத்துப் போனார்கள். உயிரைக் காப்பாற்றிய பிளவு எது என்று அவர்கள் தேட வேண்டியிருந்தது. முப்பது வருட ஞாபகம் ஓர் இடத்தைக் காட்ட, நிலமும் தாளும் அளவுகளும் வேறு கேள்விகளைக் கேட்டன. நேரில் நின்ற மனிதர்களின் நினைவும் தவறலாம் என்ற இந்தப் பகுதிதான், மக்லீனின் 'யங் மென் அண்ட் ஃபயர்' புத்தகத்தில் மனதை அதிகம் சங்கடப்படுத்துவது. அவர் 1990-ல் இறந்த பிறகு, 1992-ல்தான் அந்தப் புத்தகம் வெளியானது.

மிசோலாவின் தீ ஆய்வுக்கூடத்தில் இருந்த ரிச்சர்ட் ராதர்மெல் பொறியாளர். தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்று கணக்கிட 1972-ல் அவர் உருவாக்கிய சூத்திரம்தான் அமெரிக்காவின் தீ முன்கணிப்புகளுக்கு அடிப்படை. அந்தச் சூத்திரத்துக்கு வேண்டியவை எரிபொருள், காற்று, ஈரம், சாய்வு. முதல் மூன்றையும் சாட்சிகளையும் வானிலைக் குறிப்புகளையும் வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. சாய்வு மட்டும் அப்படியே கிடைத்தது, மலை நகரவில்லையே! தீ எந்த நிமிடம் எங்கே இருந்தது, ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று இரண்டு கோடுகளாக அவர் வரைந்து பார்த்தார். 1993-ல் வெளியான அவருடைய அறிக்கையின் தலைப்பே முடிவைச் சொல்லிவிட்டது: அது வெல்ல முடியாத ஓட்டப்பந்தயம்.

வெள்ளை இடத்தில் என்ன இருக்கிறது?

இவ்வளவு சொல்லும் வரைபடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அமெரிக்க நிலவரைபடங்களில் மரம் அடர்ந்த இடத்துக்குப் பச்சை நிறம். மரம் இல்லாத இடம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் வெறும் பாறையும் இருக்கலாம், மணலும் இருக்கலாம், புல்வெளியும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைதான்.

1949-ல் மேன் கல்ச்சின் தெற்குப் பக்கத்தை இந்த முறையில் வரைந்தால் பச்சை. வடக்குச் சரிவில் மேலே ஏற ஏற மரங்கள் குறைந்து வெள்ளை. காட்டுத்தீ என்றால் மரம் எரிவதுதான் நம் மனதில் வரும். ஆகவே பச்சையிலிருந்து வெள்ளைக்கு ஓடுவது தப்பிப்பதைப்போலத் தோன்றும். ஆனால் அந்த வெள்ளையில் இருந்தது இரண்டடிக்கு மேல் வளர்ந்து, ஆகஸ்ட் வெயிலில் காய்ந்த புல். மரத்தைவிடப் புல் மெதுவாக எரியும் என்று யாராவது நினைத்தால், வைக்கோல் போர் பற்றி எரிவதை ஒருமுறை பார்த்தவர்கள் திருத்திவிடுவார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வெள்ளை இடம் தெரியும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேற்றம் போனவர்கள் சிக்கியதும் காய்ந்த புல் மண்டிய சரிவில்தான். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வருடமும் நாடும் வேறு. புல், சாய்வு, காற்று ஆகிய மூன்றும் அங்கேயும் இருந்தன.

பழைய தாள் இன்று யாருக்கு?

1884 தொடங்கி 2006 வரை அச்சான ஏறக்குறைய 1,78,000 வரைபடங்களை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தரவிறக்கிக்கொள்ளலாம். இந்தியாவில் டோபோஷீட் என்பது நெடுங்காலம் சாதாரண ஆள் கைக்கு எளிதில் எட்டாத பொருளாக இருந்தது. பொதுமக்களுக்கென்று தனி வரிசை வரைபடங்கள் என்ற ஏற்பாடே 2005-ன் தேசிய வரைபடக் கொள்கையில்தான் வந்தது. அதை நினைத்துப் பார்த்தால் அந்த 1,78,000 எவ்வளவு பெரிய புதையல் என்பது புரியும்.

ஒரே இடத்தின் பழைய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வற்றிய ஓடைகள், பின்வாங்கிய பனியாறுகள், ஆளில்லாமல் போன கண்காணிப்புக் கோபுரங்கள் எல்லாம் அதில் அகப்படும். சில பெயர்களும் அகப்படும். பூர்வகுடிப் பெண்களை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல், நூற்றுக்கணக்கான மலைகளின், ஓடைகளின் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. 2022-ல் அமெரிக்க அரசு ஏறக்குறைய அத்தனையையும் மாற்றியது. பழைய தாள்களில் அந்தப் பெயர்கள் அப்படியேதான் இருக்கின்றன.

ஆனால் பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பது வேறு விஷயம். தாளில் கறுப்புப் புள்ளிக்கோடாக இருக்கும் ஒற்றையடிப் பாதை, நிலத்தில் இல்லாமல் போயிருக்கலாம். இதில் ஸ்மோக்ஜம்பர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கழுதைகளில் ஏறிப்போய்த் தீ அணைத்த காலத்தில் பாதைகளை வெட்டிச் செப்பனிட்டு வைத்திருந்தார்கள். விமானம் வந்த பிறகு பல பாதைகளுக்கு வேலை இல்லாமல் போனது. காடு அவற்றை மூடிவிட்டது. தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் காந்த வடக்கின் கோணமும் வருடத்துக்கு வருடம் நகர்ந்து பழையதாகிவிடும். அதை நம்பித் திசைகாட்டியைத் திருப்பினால் மலையின் வேறு பக்கத்தில் இறங்க வேண்டியதுதான். அதனால் தாளின் கீழ் மூலையில் இருக்கும் வருடத்தை முதலில் பார்க்க வேண்டும். ஊதா நிறத்தில் ஏதாவது அச்சாகியிருந்தால், அது பின்னாளில் விமானப் படத்தைப் பார்த்துச் சேர்த்த திருத்தம். நேரில் போய்ச் சரிபார்த்ததாக இருக்க வேண்டியதில்லை.

பாதையும் பெயரும் பச்சையும் மாறிய பிறகும், பழுப்புக் கோடுகள் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கின்றன.

மேன் கல்ச்சில் ஒவ்வொருவரும் விழுந்த இடத்தில் ஒரு கான்கிரீட் சிலுவை வைத்தார்கள். மொத்தம் 13. அதில் டேவிட் நேவன் யூதர். அவருடைய சிலுவையை எடுத்துவிட்டு, 2001-ல் அந்த இடத்தில் தாவீதின் நட்சத்திரம் பொறித்த கல்லை நட்டார்கள். ஹாரிசனின் இடமும் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. இந்தப் பதின்மூன்றையும் 1:24,000 தாளில் புள்ளிகளாக வைத்துப் பார்த்தால், பல புள்ளிகள் கோடுகள் நெருங்கும் அந்த இடத்தில் விழுகின்றன. சில புள்ளிகளிலிருந்து முகடு வரை தாளில் மிச்சம் இருக்கும் தூரம், ஒரு விரல் நகத்தின் அகலம்கூட இல்லை.